பெருவிரலில் கவிழ்த்த காது

கெஸ்ட் ஹவுஸ், பென்னலூர்
17.8.2003

அன்புள்ள ரத்னாவுக்கு,

உன் அத்தான் இசக்கிதுரை எழுதுவது. நலமா என்று கேட்டால் நீ பதில் போடமாட்டாய், அதனால் கேட்கவில்லை. மண்ணூர் ரூமைப் பூட்டிவிட்டு நீ போய் ஆறு மாதம் ஆகிறது. திசையன்விளைக்கும் வரவில்லை என்று உன் அண்ணன் சொன்ன பிறகு நான் விசாரிக்காத ஆளில்லை. கடைசியில் பஸ் டிரைவர் முனிரத்தினம் அண்ணன்தான் சொன்னார்: "உன் வூட்டுக்காரம்மா ஒரகடத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல கீதுப்பா. டெய்லி நம்ம வண்டிலதான் வர்து." அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தேன். நீ பார்க்க விருப்பமில்லை என்று சொன்னதாக வார்டன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போன் செய்தாலும் நீ வருவதில்லை. அதனால் கடிதம்.

இங்கே அடுக்களையில் என் பாடு திண்டாட்டம். உனக்குத்தான் தெரியுமே, மேலே தங்கியிருக்கும் இத்தாலிக்காரர்கள் இரண்டு கட்சி. அந்த வடக்கத்தி ஆளுக்கு வெண்ணெயும் முட்டையும் மக்காச்சோளக் களியும் இருந்தால் போதும், என்னால் சமாளிக்க முடிகிறது. தொனாத்தோ சார் இத்தாலியின் தெற்குக் கோடி, பாரி என்கிற ஊர்ப் பக்கம். அவருக்கு அவர்கள் ஊர்ப் பாஸ்தா, சின்னக் காது மாதிரி இருக்குமே, அந்த ரவைக் காது வேண்டும். சென்னையில் வாங்கிய பாக்கெட்டை வேக வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். நானே செய்து பார்த்தேன். ரவையை மாவாக அரைத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கயிறாகத் திரித்து, மொச்சை அளவு வெட்டுவது வரைக்கும் எனக்கு வருகிறது. கத்தியால் இழுத்துப் பெருவிரலில் கவிழ்க்கும்போது கிழிந்து தொலைக்கிறது.

ஜனவரியில் அவர் அக்கா கார்மேலா அம்மா மறுபடியும் வருகிறார்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால், புராஜெக்ட் முடிந்ததும் கம்பெனி கேன்டீனில் என்னை நிரந்தரமாக்கச் சொல்வதாகத் தொனாத்தோ சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நாம் குடும்பமாக இருக்கலாம். பழசை மறந்துவிட்டு வா. வர முடியாவிட்டால் காதாவது செய்து அனுப்பு.

உன்
இசக்கிதுரை


ஒரகடம்
24.8.2003

துரை அத்தானுக்கு,

ரத்னா எழுதுவது. அன்புள்ள என்று போடக் கை வரவில்லை.

பழசு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன மாசியில் நீங்கள் காது டப்பா இரண்டில் ஒன்றை ரூமிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். விருந்து நாளாயிற்றே என்று ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து அடுக்களைப் பின்வாசலில் நின்றேன். உள்ளே கார்மேலா அம்மா, முந்தின நாள் நான் செய்த காதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்கும் இனியவன் சார் தமிழில் சொன்னார்: "அவங்க தெருவுல காதைப் பார்த்தே யார் வீட்டுக் கைன்னு சொல்லிடுவாங்களாம். இது யார் கைன்னு கேக்குறாங்க." நீங்கள் உங்கள் பெருவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அந்த அம்மா அதைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள்.

அதையாவது பொறுத்திருப்பேன். வெளியில் செய்த பண்டம் உள்ளே வரக்கூடாது என்பது கான்ட்ராக்டர் ஐயனாரின் சட்டம், வேலை போய்விடும் என்று பயந்திருப்பீர்கள். அப்புறம் அந்த அம்மா என்னைப் பார்த்து யார் என்று கேட்டார்கள். "காய்கறி கொண்டாற பொம்பள" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். கட்டின பெண்டாட்டியை.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாழ்க்கையில் என்னை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. நீங்கள் அந்த அம்மா செய்வதை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து சப்பாத்தி மாவில் குத்துமதிப்பாகக் காட்டினீர்கள். என் விரலுக்கு அது தானாக வந்தது. முதல் முதலாக ஒருத்தி, கடல் தாண்டி வந்தவள், இது நல்ல கை என்றாள். அந்தச் சொல் எனக்கு வரவேண்டியது.

இங்கே கார் சீட்டுக்கு பிராக்கெட் அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மிஷினில் நிற்கிறேன். காது அனுப்புகிறேன். வெந்நீர் இருந்தால் போதும், மொட்டை மாடியில் துண்டு விரித்துக் காய வைக்கலாம். உங்களுக்காக அல்ல. ஒரே நிபந்தனை: ஜனவரியில் அவர்கள் வந்ததும் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்ல வேண்டும். செய்தது ரத்னா, என் பெண்டாட்டி என்று. அவ்வளவுதான். சொல்வீர்கள் என்றால் திரும்பி வருவதைப் பற்றி யோசிப்பேன்.

ரத்னா

கீரைக்கு அலைய வேண்டாம். அவர்கள் ஊர்க் கீரையின் லேசான கசப்பும் காரமும் முள்ளங்கிக் கீரையில் இருக்கிறது. காதையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வேக விடுங்கள்.


பென்னலூர்
12.9.2003

அன்புள்ள ரத்னா,

மூட்டை வந்து சேர்ந்தது. முனிரத்தினம் அண்ணன் கொடுக்கும்போது, "இன்னாபா இது, சோழி கணக்கா கீது? ஜோசியமா பாக்கப் போற?" என்றார். வெந்ததும் ஒரு வாய் கொடுத்தேன். "கருவாடு வாசன வர்து, ஆனா நல்லாக்கீது" என்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்டார்.

முள்ளங்கிக் கீரை என்று உனக்கு எப்படித் தோன்றியதோ. எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, நெத்திலிக் கருவாட்டைக் கரைய விட்டு, வெந்த காதையும் கீரையையும் போட்டுப் புரட்டினேன். மேலே சீஸுக்குப் பதிலாக எண்ணெயில் வறுத்த பிரெட் தூள். அவர்கள் பக்கம் சீஸ் வாங்க முடியாத வீட்டில் அப்படித்தான் தூவுவார்களாம். தொனாத்தோ சார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மக்காச்சோளக் களிக்காரரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். தெற்கத்திச் சாப்பாட்டுக்கு முன்னால் எந்த ஊர் வடக்கத்தியானும் ஒன்றுதான்.

நீ சொன்ன விஷயம் என் மனதில் இருக்கிறது. இப்போதே சொன்னால் ஐயனார் காதுக்குப் போய்விடும். சமயம் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த மூட்டை எப்போது?

உன்
இசக்கிதுரை


ஒரகடம்
26.10.2003

துரை அத்தானுக்கு,

ரத்னா சொல்ல, அறைத்தோழி சுகப்பிரியா எழுதுவது. எனக்கு ஓ.டி. அதிகம், அசதியாக இருக்கிறது. சுகப்பிரியா கையெழுத்தும் அழகு.

கொஞ்ச நாளைக்குக் காது அனுப்ப முடியாது. ஏன் என்று இப்போது சொல்வதற்கில்லை. எதிர்பார்க்க வேண்டாம்.

தொனாத்தோ சாரிடமாவது சொன்னீர்களா? அவர் நல்லவர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். நல்லவரிடம் நல்லதைச் சொல்ல இவ்வளவு நாள் எதற்கு? எனக்கு வேறு எதிலும் இப்போது மனம் ஓடவில்லை. இது ஒன்றையாவது செய்யுங்கள்.

ரத்னா


பென்னலூர்
20.12.2003

அன்புள்ள ரத்னா,

சுகப்பிரியாவின் கையெழுத்து உண்மையிலேயே முத்து முத்தாக இருக்கிறது. நீயும் பழகிக்கொள்ளலாம், உன் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும்.

இரண்டு மாதமாகச் சாக்குச் சொல்லி ஓட்டுகிறேன். ரவை சரியில்லை என்றேன், மழை ஈரம் என்றேன். இனிமேல் ஓடாது. கார்மேலா அம்மா ஜனவரி பத்தாம் தேதி வருகிறார்கள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. கம்பெனி மேனேஜர் வருகிறார், ஐயனார் பக்கத்திலேயே நிற்பார். தக்காளிக் குழம்பில் காலையிலிருந்து சின்னச் சின்ன ஆட்டிறைச்சிச் சுருளை வேக வைத்து, அந்தக் குழம்பில் காதைப் புரட்ட வேண்டும். அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அது. குழம்பை நான் பார்த்துக்கொள்கிறேன். காது இல்லாமல் என்ன செய்வேன்?

உன் கோபம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஒரு தரம் செய்து கொடு. அன்றைக்கே எழுந்து நின்று சொல்கிறேன். பிள்ளையார் சத்தியமாக.

உன்
இசக்கிதுரை


ஒரகடம்
14.1.2004

துரை அத்தானுக்கு,

சுகப்பிரியா எழுதுவது, ரத்னா சொல்வது.

முனிரத்தினம் அண்ணனிடம் மூட்டை கொடுத்திருக்கிறேன். ஏழு நாள் ஆயிற்று இவ்வளவு செய்ய. முன்னைப் போல இருக்காது. சில காது தடிமன், சிலது கோணல். ரொம்பக் கோணலானதைச் சுகப்பிரியா பொறுக்கி எடுத்துவிட்டாள். தடிமனாக இருப்பதால் இரண்டு நிமிடம் கூட வேக விடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். சமைக்கும்போது வாயில் வைத்தால் எச்சில் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் செய்யமாட்டீர்கள். கடித்துப் பார்த்தால்தான் பதம் தெரியும்.

சத்தியம் செய்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து நான் உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

ரத்னா


பென்னலூர்
19.1.2004

அன்புள்ள ரத்னா,

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். திட்டுவதென்றால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

குழம்பு பிரமாதமாக வந்திருந்தது. எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். கார்மேலா அம்மா மட்டும் ஒரு காதை எடுத்து, குழம்பை வழித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னமோ சொன்னார்கள். இனியவன் சார் என்னைப் பார்த்தார்: "போன வருஷம் செஞ்ச கை இது இல்லைன்னு சொல்றாங்க. மடிப்பு வேற பக்கமா விழுந்திருக்காம். யார் செஞ்சதுன்னு கேக்குறாங்க."

அதுதான் சமயம். எனக்குத் தெரியும். உன் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. ஐயனார் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து வந்த பண்டம் என்று தெரிந்தால் அப்போதே வெளியே போ என்றிருப்பார்கள். ரசத்தைப் பார்க்கிறேன் என்று உளறிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். கரித்துணியைக் கிழித்து வலது பெருவிரலில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். "கையில வெட்டுப்பட்டுட்டு சார், அதான் இடது கையால செஞ்சேன்" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. எழுந்து மாடிக்குப் போய் மருந்து கொண்டு வந்தார்கள். துணியை அவிழ்க்க வந்தபோது ரத்தத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அதன் மேலேயே மருந்தைத் தடவி, வெள்ளைத் துணி போட்டு, தன் கையால் கட்டினார்கள். வேலைக்காரனாகிய என்னை நாற்காலியில் உட்கார வைத்து அவர்களே பரிமாறினார்கள். காயம் பட்ட கையோடு எங்களுக்காகச் செய்தாயே என்று கண் கலங்கினார்கள். நானும் சாப்பிட்டேன்.

இப்போது அவர்கள் போகும்வரை கட்டைப் பிரிக்க முடியாது. பாத்திரம் தேய்த்தால் நனைகிறது, தினம் மாற்றிக் கட்டுகிறேன். நல்ல விரலுக்கு இத்தனை வைத்தியம். நீ சிரித்துவிடுவாய் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சத்தியத்தை மீறியது தப்பு. அவர்கள் போவதற்குள் இன்னொரு சமயம் வரும்.

உன்
இசக்கிதுரை


ஒரகடம்
23.1.2004

எழுத்து கோணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். இதைச் சுகப்பிரியாவிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் பத்தாம் தேதி, மதிய ஷிப்ட், மூன்றாம் நம்பர் பிரஸ். கையை உள்ளே வைத்தால் நிற்க வேண்டிய மிஷின் நிற்பதில்லை என்று இரண்டு நாளாகச் சூப்பர்வைசருக்குத் தெரியும். டார்கெட் முடியட்டும் என்றார். என் வலது பெருவிரல் அடியோடு போய்விட்டது. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் பேக்கிங்கில் உட்கார வைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதுவே பெரிய தயவாம்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு என் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். அது எனக்கு வேண்டாம். கை இருந்தபோது செய்ததற்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் இடது விரலால் ஏழு நாள் உட்கார்ந்து செய்தேன்.

கார்மேலா அம்மா சரியாகப் பார்த்தார்கள். மடிப்பு வேறு பக்கம்தான். உங்களோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தினேன். மூன்று மாதமாக வேறு ஒருத்தி கையெழுத்தில் கடிதம் வருகிறது. முத்து முத்தாக இருக்கிறது என்றீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை யாரென்றே தெரியாத அந்த அம்மா ஒரு காதைத் திருப்பிப் பார்த்து, கை மாறியிருக்கிறது என்று கேட்டார்கள்.

என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள், பொறுத்தேன். இப்போது என் காயத்தையும் எடுத்துக்கொண்டீர்கள். அந்த மருந்து என்னுடையது. அந்தக் கண்ணீரும் என்னுடையது.

கட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே உங்கள் விரல் இருக்கும்.

ரத்னா


பென்னலூர்
9.2.2004

ரத்னா,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஹாஸ்டலுக்கு வந்தேன். அடுத்த நாளும் வந்தேன். நீ இறங்கி வரவில்லை. அது நியாயம்தான்.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். விருந்தில் அல்ல. காலையில் கார்மேலா அம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், இனியவன் சார் இருந்தார். கட்டைப் பிரித்து மேஜையில் விரலை வைத்தேன். உன் பெயரைச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். உன் விரல் போனதையும் சொன்னேன். அந்த அம்மா காப்பியைத் தள்ளி வைத்தார்கள். ஒன்று மட்டும் கேட்டார்கள்: "அன்னிக்குப் பின்வாசல்ல நின்ன காய்கறிக்காரியா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சமைத்ததைத் தொடவில்லை.

இது உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஊருக்குப் போகிற அன்றைக்கு அவர்கள் உன் கம்பெனிக்கு வந்தார்கள். இனியவன் சார் கூட்டிக்கொண்டு போனார். ஷிப்ட் நடக்கும்போது லைனிலிருந்து ஆளைக் கூப்பிட முடியாது, கான்ட்ராக்ட் ஆள் பெயர் எங்கள் ரிஜிஸ்டரில் கிடையாது என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டானாம். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார்கள். அப்புறம் ஏர்போர்ட்டுக்கு நேரமாயிற்று என்று வண்டி ஏறிவிட்டார்கள். இந்தப் பையில் இருப்பது அதற்கு முந்தின நாள் அவர்கள் கையாலேயே செய்து காய வைத்திருந்த காது. உனக்குக் கொடுக்கச் சொல்லி இனியவன் சாரிடம் கொடுத்தார்கள், என்னிடம் கொடுக்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் மூலமாக அனுப்புகிறேன். நான் பையைத் திறக்கவில்லை.

ஐயனார் மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். இத்தாலிக்காரர்களும் அடுத்த மாதம் போகிறார்கள். நான் மண்ணூர் ரூமில்தான் இருப்பேன். எந்த ஷிப்டில் இருக்கிறாய் என்று மட்டும் எழுது. கேட்டில் நிற்கிறேன். உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கக்கூட நான் இருக்கிறேன்.

இசக்கிதுரை


ஒரகடம்
22.2.2004

அத்தானுக்கு,

பை வந்தது.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வரும்போது செக்யூரிட்டிக்காரன் சொன்னான்: "யாரோ வெள்ளக்காரம்மா ரொம்ப நேரம் நின்னுகினு இருந்துச்சு. ஆடிட்டா இன்னான்னு தெர்ல." ஆடிட்தான் என்று நினைத்து நானும் போய்விட்டேன். ஸ்டிக்கர் ஒட்டும் மேஜையிலிருந்து கேட் நூறு அடி இருக்கும்.

என் பெயரைச் சொன்னீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டீர்கள், சரி. அதைக் கேட்டால் எனக்கு எப்படியோ இருக்கும் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. செய்கிறவள் பெயரைச் சொன்னால் பெயர். இனிமேல் செய்ய முடியாதவள் பெயரைச் சொன்னால் அது இரங்கல் மாதிரி இருக்கிறது.

சோறு பிசைந்து கொடுக்கிறேன் என்றீர்கள். வேண்டாம். கேட்டில் நிற்கவும் வேண்டாம். அடுத்த மாதம் எங்களை ஓசூர் யூனிட்டுக்கு அனுப்புகிறார்கள். விலாசம் தரமாட்டேன். முனிரத்தினம் அண்ணன் வண்டி அங்கே வராது.

கார்மேலா அம்மாவின் காதைப் பார்த்தேன். என்னைவிட ஆழமாக இழுத்திருக்கிறார்கள், ஓரம் காகிதம் போல மெல்லிசு. எல்லாம் ஒரே பக்கம் மடிப்பு. சுகப்பிரியா வார்டனுக்குத் தெரியாமல் காயில் ஹீட்டரில் வேக வைத்தாள். முள்ளங்கிக் கீரை, பூண்டு, நெத்திலி. எனக்கு இடது கையால் சாப்பிட இன்னும் கூச்சம், ஸ்பூனால் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள் அக்கா, மாதிரிக்கு, என்றாள் சுகப்பிரியா. வைக்கவில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டேன். பார்த்துச் செய்யக் கை இல்லாதவளுக்கு மாதிரி எதற்கு.

ரத்னா